மஞ்சள் எழுத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு: ஒரு லேபிள் வேலையின் நிகழ்வு ஆய்வு

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தபோது எங்கள் அச்சகத்துக்கு ஒரு பட்டாசுப் பெட்டி லேபிள் வந்தது. 90 ஜிஎஸ்எம் குரோமோ (பூச்சுப் பூசிய) தாள், 20க்கு 30 அங்குல ஷீட், ஷீட்டுக்கு 20 லேபிள், மொத்தம் 10,000 ஷீட். இரவு வானம் போலக் கருநீலப் பின்னணி. அதில் பளிச்சென்று மஞ்சள் எழுத்து, நடுவில் பொறி சிதறும் சிவப்புப் படம், கீழே வெள்ளை எழுத்தில் எச்சரிக்கை வாசகம். சிவகாசியில் சீசனுக்குச் சீசன் கண்ணில் படும் லேபிள்தான். பார்ட்டி, அதாவது வேலை கொடுத்தவர், புரூஃப் (மாதிரி அச்சு) பார்த்து ஓகே சொல்லியிருந்தார்.

நான் பிரீபிரஸ் பார்ப்பவன். வருகிற ஃபைலைச் சரிபார்த்து, ஷீட்டில் அடுக்கி, கணினியிலிருந்து நேரே பிளேட் எடுக்கும் சிடிபிக்கு அனுப்பி, பிளேட்டை மெஷினுக்குக் கொடுப்பது என் வேலை. இந்த ஃபைலைப் பார்த்து ‘சரி’ என்று அனுப்பியதும் நான்தான். கீழே வரும் தவறில் என் பங்கு எவ்வளவு என்று படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் ஓடுவது இரண்டு கலர் மெஷின். நான்கு கலர் வேலையை இரண்டு ஓட்டமாகத்தான் அடிக்க வேண்டும். முதல் நாள் வான்நீலமான சயானும் ரோஜா நிற மெஜந்தாவும் ஏற்றி 10,000 ஷீட்டும் அடித்து முடித்தோம். அன்று இரவு நல்ல மழை. ஷீட் அடுக்கு மெஷின் பக்கத்திலேயே திறந்தபடி கிடந்தது. மறுநாள் காலையில் மஞ்சளும் கறுப்பும் ஏற்றி இரண்டாவது ஓட்டம் ஆரம்பித்தது.

மாலையில் பார்ட்டி வந்தார். அதற்குள் 6,000 ஷீட் ஓடியிருந்தது. அடுக்கிலிருந்து ஒரு ஷீட்டை உருவி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், “தம்பி, எழுத்தைச் சுத்தி வெள்ளையாத் தெரியுதே, மெஷின் ஆடுதா?” என்றார். எங்கள் முதலாளி உடனே மெஷின்மேனைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷமாக மெஷின் ஓட்டுகிற அண்ணன் அவர். ஒரு நிறம் இன்னொன்றோடு இடம் பிசகாமல் பொருந்தி விழுவதைத்தான் ரிஜிஸ்டர் என்போம். அவர் சொன்னது இதுதான்: “நடுவுல ரிஜிஸ்டர் கரெக்டா நிக்குது மொதலாளி. ஓரத்துக்குப் போகப் போகத்தான் நிக்க மாட்டேங்குது. பாதிபாதியாப் பிரிச்சு வச்சிருக்கேன், அதுக்கு மேல என்னால முடியல.”

அவர் சொன்ன அந்த இரண்டு விஷயத்தையும் அப்போதே காதில் வாங்கியிருந்தால் அடுத்த ஒரு மணி நேரச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

லூப் வைத்துப் பார்த்தது

ஷீட்டை லைட் மேஜையில் விரித்து, அளவுக்கோடு போட்ட லூப்பை (உருப்பெருக்கும் கண்ணாடியை) வைத்துப் பார்த்தேன். ஷீட்டின் அகலத்தில் ஐந்து வரிசை லேபிள். இடது ஓர வரிசையில் மஞ்சள் எழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளைக் கோடு. எழுத்தின் மறுபக்கத்தில் மஞ்சள், நீலத்தின் மேல் ஏறிக் கருமையாகிக் கிடந்தது. வெறும் கண்ணுக்கு அந்தக் கருமை நீலத்தோடு நீலமாகப் போய்விடும், வெள்ளை மட்டும் உறுத்தும். வலது ஓர வரிசைக்கு லூப்பை நகர்த்தினால் எல்லாம் தலைகீழ். வெள்ளைக் கோடு எழுத்தின் எதிர்ப்பக்கத்துக்குப் போயிருந்தது. நடு வரிசையில் கோடே இல்லை. இரண்டாவது, நான்காவது வரிசைகளில் லூப் இல்லாமல் தெரியாத அளவுக்கு மெல்லிய கோடு.

ஓர வரிசையில் வெள்ளைக் கோட்டின் அகலம் 0.15 மி.மீ. ஷீட்டின் இரண்டு முனையிலும் இருக்கும் ரிஜிஸ்டர் குறிகளும் அதையே சொன்னன: இடது முனையில் சயான் குறி வெளிப்பக்கம் 0.15 தள்ளி, வலது முனையிலும் வெளிப்பக்கம் 0.15 தள்ளி.

மெஷினில் ரிஜிஸ்டர் விலகியிருந்தால் எல்லா வரிசையிலும் ஒரே பக்கமாக விலகும். எதிரெதிர்ப் பக்கமாக விலகாது. ஒன்றுக்கொன்று எதிராக விலகி நடுவில் சரியாக நிற்கிறது என்றால், முதல் நாள் அச்சான படம் இன்று 0.3 மி.மீ. அகலமாகிவிட்டது என்று அர்த்தம். பிளேட் நீளாது. நீண்டது தாள். ராத்திரி ஈரக்காற்றைக் குடித்த தாள், தன்மேல் இருந்த நீலப் படத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விரிந்துவிட்டது. 762 மி.மீ. அகலத்தில் 0.3 என்பது 0.04 சதவீதம். தாளுக்கு அது ஒன்றுமே இல்லை. மெஷின்மேன் அண்ணன் சைடு லேயை (ஷீட்டின் பக்கவாட்டு இடத்தை நிறுத்தும் தடையை) நகர்த்தி, அந்த 0.3ஐ இந்த ஓரத்துக்குப் பாதி, அந்த ஓரத்துக்குப் பாதி என்று பங்கிட்டு வைத்திருந்தார். மனிதக் கையால் செய்யக்கூடியது அவ்வளவுதான், அதை அவர் செய்திருந்தார். முதலாளியிடமும் பார்ட்டியிடமும் அந்த ஷீட்டைக் காட்டி இதைத்தான் முதலில் விளக்கினேன். அண்ணன் மேல் விழுந்த பழியை அன்றைக்கே இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

தாள் ஏன் அகலவாக்கில் விரிந்தது என்பதற்கும் காரணம் கிடைத்தது. அந்தத் தாளில் ஒரு துண்டைக் கிழித்துப் பார்த்தோம். தாள் தன் கிரெயின், அதாவது நார், ஓடும் திசையில் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். இது 20 அங்குலப் பக்கத்தில் நேராகக் கிழிந்தது. அதாவது நார் கிரிப்பரிலிருந்து (மெஷின் ஷீட்டைக் கவ்வும் ஓரத்திலிருந்து) வால் வரை ஓடுகிறது. தாள் ஈரம் பட்டால் நாரின் நீளவாக்கில் கொஞ்சம்தான் நீளும், குறுக்குவாக்கில் அதைவிடப் பல மடங்கு விரியும். நார் சிலிண்டருக்கு இணையாக, நீளப் பக்கத்தில் ஓடியிருந்தால், விரிவு சிலிண்டரைச் சுற்றுகிற திசையில் வந்திருக்கும். அதைப் பேக்கிங் (பிளேட்டுக்கு அடியில் வைக்கும் தாள்) மாற்றிச் சரிக்கட்டலாம். அகலத்தில் விரிந்ததை மெஷினில் சரிக்கட்ட வழியே கிடையாது. அவசரத்துக்குக் கிடைத்த தாளை வாங்கியிருந்தோம், கிரெயின் பார்க்கவில்லை.

இதோடு விசாரணையை முடித்திருக்கலாம். தாள் தப்பு, மழை தப்பு என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் லூப்பில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதே ஷீட், அதே ஓரம், அதே 0.15 விலகல். நீலத்தின் மேல் இருந்த சிவப்புப் பொறிகளில் மட்டும் குறையே தெரியவில்லை.

சிவப்பு ஏன் தப்பித்தது

கணக்கைப் பார்ப்போம். நீலம் என்பது சயான் 100 சதவீதம், மெஜந்தா 70. சிவப்பு என்பது மெஜந்தா 100, மஞ்சள் 100. இரண்டுக்கும் பொதுவாக மெஜந்தா இருக்கிறது. மஞ்சள் பிளேட் எவ்வளவு விலகினாலும் சிவப்பின் ஓரத்தில் மெஜந்தா நின்றுகொண்டிருக்கும். சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை மெஜந்தாவைக் கண் பிரித்துப் பார்ப்பதில்லை.

மஞ்சள் எழுத்தோ வெறும் மஞ்சள் 100. நீலத்தில் இருக்கும் இரண்டு மையில் ஒன்றுகூட அதில் இல்லை. கணினி என்ன செய்கிறது? ஒரு பொருளின் மேல் இன்னொன்றை வைத்தால், கீழே உள்ள நிறத்தை மேலே உள்ளதன் வடிவத்துக்கு அச்சாகக் குடைந்து எடுத்துவிடுகிறது. இதைத்தான் நாக்அவுட் என்கிறோம். குடையாமல் விட்டால் நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்து சேற்று நிறமாகிவிடும், அதனால் குடையத்தான் வேண்டும். ஆனால் கணினி குடைகிற குழியும் அதில் உட்காரும் எழுத்தும் ஒரு மைக்ரான்கூட வித்தியாசமில்லாமல் ஒரே அளவு. திரையில் அது பொருந்தும். புரூஃப் பிரிண்டரிலும் பொருந்தும், ஏனென்றால் நான்கு நிறமும் ஒரே ஓட்டத்தில் அதே தாளில் விழுந்துவிடுகிறது. நாளுக்கொரு அளவில் இருக்கும் தாளில், ஒரு நாள் இடைவெளியில், நான்கு தனித்தனி பிளேட்டிலிருந்து அடிக்கும்போது அந்தப் பொருத்தம் நிற்காது.

குழியைவிட எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் அது நீலத்தின் ஓரத்தின் மேல் கொஞ்சம் ஏறி நின்று, தாள் விரிந்தாலும் இடைவெளியை மூடியிருக்கும். அப்படி வேண்டுமென்றே வைக்கும் அந்தச் சிறு ஏற்றம்தான் டிராப்பிங். இந்த ஃபைலில் அது இல்லை. வேலை இரண்டு ஓட்டமாகப் போகிறது என்று தெரிந்தும் நான் அதைத் தேடிப் பார்க்கவில்லை.

மெஷின் பக்கம் போனால் இதே சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு. ஈரமாக இருக்கும் ஒரு மையின் மேல் அடுத்த மை எவ்வளவு ஒட்டுகிறது என்பதையும் டிராப்பிங் என்றே சொல்வார்கள். “டிராப்பிங் சரியில்லை” என்று ஒருவர் சொன்னால் அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அன்றைய சண்டையில் கால் மணி நேரம் இந்தக் குழப்பத்திலேயே போனது.

எந்த நிறம் எதற்குள் போக வேண்டும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது: வெளிறியது கருமையானதற்குள் போகும். கண் ஓரத்தைப் பிடிப்பது கருமையான நிறத்தை வைத்துத்தான். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளின் இங்க் மேனேஜரைத் திறந்தால் ஒவ்வொரு மைக்கும் ஒரு அடர்த்தி எண் இருக்கும்: மஞ்சள் 0.16, சயான் 0.61, மெஜந்தா 0.76, கறுப்பு 1.7. மென்பொருள் இந்த எண்களை வைத்துத்தான் யார் யாருக்குள் போவது என்று முடிவு செய்கிறது. மஞ்சளின் எண் மற்றவற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு சின்னது பாருங்கள். மஞ்சள் எங்கே போனாலும் அதன் எல்லையைக் கண் மதிப்பதில்லை. எழுத்து வெளிறியதாக இருந்து பின்னணிக்குள் விரிந்தால் ஸ்பிரெட். பின்னணி வெளிறியதாக இருந்து கருமையான எழுத்துக்குள் நுழைந்தால் சோக். எங்கள் லேபிளுக்குத் தேவை ஸ்பிரெட்.

இதில் தமிழ் எழுத்துக்குக் கிடைக்கும் ஒரு நன்மையைச் சொல்லியாக வேண்டும். நம் எழுத்துகளில் சுழி அதிகம், புள்ளி அதிகம். ஓர வரிசை லேபிளில் 9 பாயிண்ட்டில் ஒரு வரி மஞ்சளில் இருந்தது. அதன் மெய்யெழுத்துகளின் புள்ளி ஒவ்வொன்றும் அரை மி.மீ. இருக்கும். 0.15 விலகியதில் அந்தப் புள்ளிகள் எல்லாம் பிறை நிலாவாகிவிட்டன: முக்கால் பங்கு மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளைக் கீற்று. எழுத்தைத் தடிமனாக்கினால் சுழி அடைபடுமே, புள்ளி உப்புமே என்று பயம் வரும். மஞ்சளை நீலத்துக்குள் ஸ்பிரெட் செய்தால் அந்தப் பயமே வேண்டாம். ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் நீலத்தின் மேல் மஞ்சள் எவ்வளவு ஏறினாலும் அந்த இடம் கருநீலமாகத்தான் தெரியும். எழுத்தின் வடிவம் நீலத்தில் குடைந்த குழியின் வடிவம், அதை நாம் தொடுவதே இல்லை.

திருத்தம், அதில் இரண்டு தடுக்கல்

டிசைன் செய்த தம்பியை அழைத்து, மஞ்சள் எழுத்துக்கு டிராப் போட்டு ஃபைலை அனுப்பச் சொன்னேன். கோரல் டிராவில் செய்த வேலை. அரை மணி நேரத்தில் பிடிஎஃப் வந்தது. அக்ரோபாட்டில், ஒவ்வொரு பிளேட்டையும் தனித்தனியாகக் காட்டும் அவுட்புட் பிரிவ்யூவைத் திறந்து பார்த்தால் எழுத்து எல்லாம் உப்பி நிற்கிறது. ‘ண’, ‘ணை’ சுழிகள் பாதி அடைந்திருந்தன. புள்ளி, எழுத்தின் தலையோடு ஒட்டப் பார்த்தது.

நடந்தது இது: அவர் எழுத்துக்கு மஞ்சள் அவுட்லைன் கொடுத்திருந்தார், அந்த அவுட்லைனுக்கு ஓவர்பிரிண்ட், அதாவது கீழே உள்ளதைக் குடையாமல் அதன் மேலேயே அடிக்கும் கட்டளை, கொடுக்கவில்லை. அதனால் அவுட்லைனும் நீலத்தைக் குடைந்துவிட்டது. எழுத்து பெரிதானபோது குழியும் அதே அளவு பெரிதாகி, ஓரம் மறுபடியும் ஓரத்தோடு முட்டிக்கொண்டு நின்றது. எழுத்தும் கெட்டது, வெள்ளைக் கோடும் அப்படியே வரும்.

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு பிளேட்டாக அணைத்துக் காட்டினேன். சரியாகச் செய்தாலும் தவறாகச் செய்தாலும் மஞ்சள் பிளேட் ஒன்றேதான், ஒரு புள்ளி வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் முழுக்க சயானிலும் மெஜந்தாவிலும் இருக்கிறது, அங்கே குழி பழைய அளவிலேயே நிற்கிறதா என்பதில். மஞ்சளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் டிராப் இருக்கிறதா இல்லையா என்று ஆயுளுக்கும் தெரியாது. இதை விளங்கிக்கொண்டதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. “அப்போ நான் பார்க்க வேண்டியது நீலத்தை, இல்லியாண்ணே?” என்றார். அதேதான்.

இரண்டாவது ஃபைலில் இன்னொன்று நடந்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடிக்க அலுத்து, லேபிளில் இருக்கும் எழுத்து எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்வு செய்து ஓவர்பிரிண்ட் கொடுத்துவிட்டார், அவுட்லைனுக்கு மட்டுமல்லாமல் நிறத்துக்கும் சேர்த்து. கோரல் திரையில் எல்லாம் பழையபடியே தெரிந்தது. அக்ரோபாட்டில் ஓவர்பிரிண்ட் காட்டும் ஆப்ஷனைப் போட்டதும், கீழே இருந்த வெள்ளை எச்சரிக்கை வாசகம் காணாமல் போனது.

அச்சில் வெள்ளை என்று ஒரு மை கிடையாது. வெள்ளை என்பது நீலத்தைக் குடைந்து தாளைக் காட்டுவது. குடையாதே என்று ஓவர்பிரிண்ட் கொடுத்தால் அங்கே அச்சடிக்க ஒன்றும் இல்லை, வெறும் நீலம்தான் வரும். மஞ்சள் எழுத்தின் நிறமும் நீலத்தின் மேல் விழுந்து கறுத்திருந்தது, அது எப்படியும் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் மூலையில் சின்னதாக இருந்த எச்சரிக்கை வரி போனது யார் கண்ணிலும் பட்டிருக்காது. பட்டாசுப் பெட்டியில் பெரியவர்கள் உடனிருக்க வேண்டும் என்று சொல்கிற வரி அது. பிளேட்டுக்குப் போகும் முன் ஓவர்பிரிண்ட் பிரிவ்யூவைப் போட்டுப் பார்க்காமல் எந்த ஃபைலையும் விடக்கூடாது என்று நான் சத்தம் போட்டுச் சொல்வது இந்த ஒரு வரிக்காகத்தான்.

மூன்றாவது முறை நானும் அவரும் சேர்ந்து செய்தோம். மஞ்சள் எழுத்துகளை மட்டும் தேர்வு செய்து, மஞ்சள் 100இல் 0.4 மி.மீ. அவுட்லைன். அவுட்லைன் எழுத்தின் விளிம்புக்கு உள்ளே பாதி, வெளியே பாதி என்று உட்காரும், ஆகவே வெளியே நீள்வது 0.2. வலது கிளிக் செய்து அவுட்லைனுக்கு மட்டும் ஓவர்பிரிண்ட். வெள்ளை எழுத்தைத் தொடவில்லை. கறுப்பு எழுத்துக்குக் கறுப்பு 100ஐ ஓவர்பிரிண்டாக வைத்தோம். பிடிஎஃப் எடுக்கும்போது, டாக்குமென்ட்டில் இருக்கும் ஓவர்பிரிண்ட்டைக் காப்பாற்றும் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்தோம். அது விழாவிட்டால் செய்த வேலை எல்லாம் பிடிஎஃபுக்குள் வராது. சிடிபி எடுக்கும் இடத்துக்கும் போன் செய்து, ரிப்பில் (ஃபைலைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் மென்பொருளில்) ஃபைலின் ஓவர்பிரிண்ட்டை மதிக்கும்படி வைத்திருக்கிறார்களா என்று கேட்டோம். சில ரிப்களில் அதை அணைத்து வைத்திருப்பார்கள்.

0.2 ஏன் என்று கேட்கலாம். இன்டிசைனில் டிராப் அகலம் தானாகவே 0.25 பாயிண்ட் என்று இருக்கும், அது கிட்டத்தட்ட 0.09 மி.மீ. ஒரே ஓட்டத்தில் நான்கு நிறமும் அடிக்கும் நல்ல மெஷினில், பூச்சுத் தாளில், அது போதும். செய்தித்தாளுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும், பிளாஸ்டிக் பையில் அடிக்கும் ஃபிளெக்சோவுக்கு அதைவிட அதிகம். எங்கள் விலகல் அளந்து பார்த்ததில் 0.15. அதை மூடி, மேலே கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். பின்னணி கருநீலமாக இருந்ததால் 0.2 வைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வெளிறிய நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இந்த தைரியம் வேண்டாம். இளம்பச்சையின் மேல் ரோஜா நிறம் மாதிரி இருந்தால், இரண்டும் ஏறுகிற இடம் இரண்டைவிடவும் கருமையாகி, எழுத்தைச் சுற்றிப் பென்சிலில் கோடு போட்ட மாதிரி நிற்கும். அங்கே டிராப்பை ஒடுக்க வேண்டும், நிறத்தையும் குறைக்க வேண்டும்.

ஒரே ஒரு பிளேட்

டிராப் முழுக்க மஞ்சள் பிளேட்டில் இருந்ததால் மிச்சமிருந்த 4,000 ஷீட்டைக் காப்பாற்ற முடிந்தது. அவற்றில் சயானும் மெஜந்தாவும் பழைய அளவுக் குழியோடு ஏற்கெனவே அச்சாகியிருந்தன. எங்களுக்கு வேண்டியது புது மஞ்சள் பிளேட் ஒன்று மட்டும். அன்று இரவே பிளேட் வந்தது. மெஷின்மேன் அண்ணன் பழைய செட்டிங்கிலேயே, அதே விரிந்த தாளில், பாதிபாதியாகப் பிரித்து வைத்தபடியே ஓட்டினார். முதல் ஐம்பது ஷீட் போனதும் ஓர வரிசையை லூப்பில் பார்த்தேன். விலகல் அப்படியேதான் இருந்தது. வெள்ளைக் கோடு மட்டும் இல்லை. புள்ளிகள் முழு வட்டமாக நின்றன. அண்ணன் லூப்பை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மெஷின் வேகத்தை ஏற்றினார்.

முன்பே ஓடிய 6,000 ஷீட்டில் நடு மூன்று வரிசை லேபிளைப் பார்ட்டி எடுத்துக்கொண்டார். இரண்டு ஓர வரிசையும் கழிவு, ஷீட்டுக்கு 8 லேபிள் வீதம் 48,000 லேபிள். அதற்காக 2,400 ஷீட் புதிதாக வாங்கி, கிரெயின் நீளப் பக்கத்தில் ஓடுகிறதா என்று கிழித்துப் பார்த்து, திருத்திய ஃபைலிலிருந்து எல்லாப் பிளேட்டும் புதிதாகப் போட்டு அடித்தோம். முதல் ஓட்டம் முடிந்ததும் அடுக்கைப் பாலிதீனால் மூடிவைத்தோம். அந்தச் செலவை அச்சகம் ஏற்றுக்கொண்டது. அதுதான் நியாயம்.

எந்த இரண்டு நிறத்தை ஒரே ஓட்டத்தில் ஏற்றுவது என்பதையும் இனி ஃபைலைப் பார்த்தே முடிவு செய்கிறோம். இந்த வேலையில் நீலத்தை உண்டாக்கும் இரண்டு மையும் ஒன்றாக ஏறியது நல்லதாகப் போயிற்று. சயான் ஒரு நாள், மெஜந்தா மறுநாள் என்று பிரிந்திருந்தால் வெள்ளைக் கோட்டுக்குப் பதில் ரோஜா நிறக் கோடு வந்திருக்கும், வெள்ளை எச்சரிக்கை எழுத்தும் கலங்கியிருக்கும். அதை மஞ்சளை மட்டும் நீட்டிச் சரிசெய்ய முடியாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. பிடிஎஃபைத் திரையில் பார்க்கும்போது சில சமயம் படங்களின் குறுக்கே மயிரிழை வெள்ளைக் கோடு தெரியும். பெரிதாக்கிப் பார்த்தாலும் அதே மெலிவில் இருந்தால் அது திரையின் கோளாறு. அதற்குப் பயந்து டிராப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அப்புறம், டிராப் தானாகப் போடும் ரிப்புக்கு ஃபைலை அனுப்புவதாக இருந்தால் நாம் கையால் போட்டிருப்பதைச் சொல்லிவிட வேண்டும். பிடிஎஃபுக்குள்ளேயே டிராப் போட்டாயிற்றா இல்லையா என்று குறித்துவைக்க ஓர் இடம் உண்டு, அச்சுக்கான பிடிஎஃப்-எக்ஸ் தரத்தில் அதை நிரப்புவது கட்டாயம். இரண்டு முறை போட்டால் எழுத்து கெடும்.

பழைய லேபிள்கள்

இந்த வேலை முடிந்த பிறகு, எங்கள் அச்சகத்தில் மூத்தவர் ஒருவர் தான் சேர்த்து வைத்திருக்கும் பழைய தீப்பெட்டி லேபிள்களைக் கொண்டுவந்து காட்டினார். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததிலிருந்து இந்த ஊரின் கதை ஆரம்பிக்கிறது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால்தான் அச்சுத் தொழிலும் இங்கே வேர் பிடித்தது. அவர் கொண்டுவந்த லேபிள்கள் லித்தோ (கல்லச்சு) காலத்தவை. ரிஜிஸ்டர் கன்னாபின்னாவென்று விலகியிருக்கிறது, சிலதில் அரை மி.மீ.க்கு மேல். ஆனால் ஒன்றில்கூட வெள்ளைக் கோடு இல்லை. எழுத்தைச் சுற்றியும் படத்தைச் சுற்றியும் தடித்த கறுப்புக் கோடு. ஒவ்வொரு நிறமும் அந்தக் கறுப்புக்கு அடியில் போய் முடிகிறது. விலகல் எல்லாம் கறுப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

ஃபிலிம் காலத்தில் ஸ்பிரெட்டையும் சோக்கையும் எப்படிச் செய்தார்கள் என்றும் சொன்னார். ஃபிலிமின் மேல் ஃபிலிமை வைத்து ஒளி காட்டி நகலெடுக்கும் கான்டாக்ட் ஃபிரேமில் இரண்டு ஃபிலிமுக்கும் நடுவே தெளிவான ஒரு ஷீட்டைச் செருகி, வெளிச்சத்தைக் கூடுதல் நேரம் விட்டால், ஒளி ஓரத்தில் கசிந்து எழுத்து தடிக்கும். எவ்வளவு நேரத்துக்கு எவ்வளவு தடிக்கும் என்பது அனுபவத்தில் வருவது. கேமரா ரூமிலேயே ஒருவர் கையில் இருந்த வேலை அது. ஃபிலிம் போய் சிடிபி வந்தபோது அந்த மேஜையும் போய்விட்டது, அந்த வேலை மட்டும் யார் பொறுப்பு என்று சொல்லப்படாமலே டிசைன் செய்பவருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது. எங்கள் 48,000 லேபிள் அந்த இடைவெளியில்தான் போனது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த சீசனுக்கு அதே பார்ட்டி புது லேபிளோடு வந்தார். அதே கருநீலம், அதே மஞ்சள் எழுத்து. இந்த முறை டிசைன் தம்பி முதல் வரைவிலேயே எழுத்தைச் சுற்றி 0.7 மி.மீ. கறுப்புக் கோடு போட்டு, அதை ஓவர்பிரிண்ட் செய்து, மஞ்சளையும் நீலத்தையும் கோட்டுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிட்டுத்தான் ஃபைலைக் கொண்டுவந்தார். பார்ட்டி பார்த்துவிட்டு, “எழுத்து இப்பத்தான் எடுப்பா இருக்கு தம்பி” என்றார்.